எட்டு நொடி மௌனம்

எங்கள் பக்கத்தில் டிஜே என்றால் வண்டிதான். மினி லாரியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள், பின்னால் ஜெனரேட்டர், நடுவில் ஒரு லேப்டாப், அதன் முன்னால் காதில் ஹெட்போனோடு ஒருத்தன். அந்த லேப்டாப்புக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். வில்லியனூரில் இதைச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை. "பாட்டு போடறதுக்கு ஒரு சாப்ட்வேரா? பென் டிரைவ சொருவுனா பாடப் போவுது" என்று என் வீட்டு ஓனரே கேட்டிருக்கிறார். நான் விளக்கப் போகவில்லை. சில வருடங்களாக விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது.

உண்மையில் வேலை பாட்டு போடுவதில் இல்லை, போடுவதற்கு முன்னால் இருக்கிறது. டிஜேக்கள் அதை 'செட் போடுவது' என்பார்கள். எந்தப் பாட்டுக்கு அடுத்து எது, எந்த அடியில் முந்தையது முடிய வேண்டும், எந்த இடத்தில் அடுத்தது நுழைய வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தாளத்தை அளந்து, சுருதியைப் பார்த்து, இதையெல்லாம் எளிதாக்கிக் கொடுப்பது எங்கள் மென்பொருள். கம்பெனி வேறு ஊரில் இருக்கிறது. நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு ஆள் உண்டு. என்னோடு படித்தவன், இப்போது சொந்தமாக டிஜே வண்டி வைத்திருக்கிறான். புது வெர்ஷன் வந்ததும் அவனிடம்தான் முதலில் கொண்டுபோவேன். அவன் அதை உடைப்பான். உடைத்துவிட்டுச் சந்தோஷப்படுவான். "நீ ஃபேன் காத்துல குந்திக்கினு எழுதற மச்சான். என் வண்டியில வந்து பாரு, ஒன் சாப்ட்வேருக்கு ஜன்னி வந்துடும்" என்பான். அவன் சொல்வது பொய்யில்லை. ஜெனரேட்டர் உதறும், சாமி ஊர்வலத்தில் மஞ்சள் தண்ணீர் தெறிக்கும், வெயிலில் லேப்டாப் தொட முடியாமல் கொதிக்கும். அவன் லேப்டாப்பின் கீபோர்டில் பாதி எழுத்துகள் மஞ்சளாகத்தான் இருக்கும்.

அவனுடைய செட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் மற்ற டிஜேக்கள் நிமிடக் கணக்கில் செட் போடுகிறார்கள். இவன் தெருக்கணக்கில் போடுகிறான். கோயில் வாசலில் இது, ரேஷன் கடை முனையில் அது, பெரிய தெருவில் நுழையும்போது வேகத்தைக் கூட்டு, பள்ளிக்கூடச் சந்தில் குறை. வண்டி நகரும் வேகத்துக்குப் பாட்டு நகர வேண்டும், அதுதான் அவன் கணக்கு. அவனுக்காகவே பாட்டுப் பட்டியலில் இடத்தின் பெயரை எழுத ஒரு கட்டம் சேர்த்தேன். கம்பெனியில் "இது யாருக்கு உதவும்?" என்று கேட்டார்கள். எங்கள் ஊருக்கு உதவும் என்றேன்.

டிஜேவுக்குச் சத்தம் நின்றுபோவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஒரு ரிசப்ஷனில் அவன் கையில் போட்டிருந்த காப்பு பட்டு ஃபேடர் கீழே இறங்கிவிட்டது. ஃபேடர் என்பது சத்தத்தை ஏற்றவும் இறக்கவும் விரலால் தள்ளும் சின்னக் கட்டை. இவன் ஹெட்போனில் அடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததால் மண்டபம் அமைதியானதே இவனுக்குத் தெரியவில்லை. மேடையில் மாப்பிள்ளை முறைக்கிறார், கீழே விசில் பறக்கிறது. மறுநாள் என்னிடம் வந்து, "இதுக்கு ஒரு வழி பண்ணு மச்சான், மானம் போவுது" என்றான்.

அதற்காக நான் எழுதியதுதான் 'காவல்'. எட்டு நொடிக்கு ஸ்பீக்கருக்குச் சத்தம் போகவில்லையென்றால், ஃபேடர் எங்கே இருந்தாலும் சரி, மென்பொருள் தானாகவே ஒரு பாட்டை ஆரம்பித்துவிடும். ஏன் எட்டு என்றால், பத்தாவது நொடியில் விசில் ஆரம்பிக்கும் என்று அவன் அடித்துச் சொன்னான். எந்தப் பாட்டு என்பதற்கும் யோசித்து ஒரு வழி வைத்திருந்தேன். அவனுடைய பழைய செட்டுகளின் பதிவுகளையெல்லாம் படித்து, கூட்டம் எந்தப் பாட்டை அதிகமுறை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டதோ அதையே எடுக்கும். பதற்றத்தில் கண்டதையும் அழுத்தி அது நின்றுவிடக் கூடாது என்பதற்காக, நிறுத்த வேண்டுமானால் ஒரு பொத்தானை மூன்று நொடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றும் வைத்தேன். வேண்டுமென்றே நிறுத்துகிறவர்களுக்குத்தான் பாட்டையே நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் காவல் வாயைத் திறக்காது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நினைத்தேன். கம்பெனி மீட்டிங்கில் பாராட்டினார்கள். நானும் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன்.

என் அக்காவை மடுகரைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறது. மாசியில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்பத்து நான்கு வயதுதான். அதன் பிறகு அக்கா வீட்டில் டிவி போடவில்லை. செல்போனில்கூட மணிச் சத்தம் கிடையாது, வெறும் அதிர்வுதான். பக்கத்து வீட்டில் எஃப்எம் வைத்தால் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நிற்பாள். யார் எதைச் சொன்னாலும் "ம்" என்பாள். அவளிடம் எப்படிப் பேசுவது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆடியில் அந்த ஊர் அம்மனுக்குத் திருவிழா. ஆடி வெள்ளி சாயங்காலம் சாமி ஊர்வலம் வரும். முன்னால் டிஜே வண்டி, அடுத்து மேளம், அதற்குப் பின்னால் சாமி. வண்டி எப்போதும் என் நண்பனுடையதுதான். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டு வாசலில் சாமி நிற்காது, தீபாராதனை எடுக்க மாட்டார்கள், மைக் செட்டோ டிஜேவோ எதுவானாலும் அந்த வீட்டைத் தாண்டும் வரை சத்தத்தை இறக்கிவிட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

இருந்தும் அக்கா எனக்குத் தானாகவே போன் செய்தாள். அவள் போன் செய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"வண்டி ஒன் கூட்டாளிதுதான?" என்று கேட்டாள்.

"ஆமாங்கா."

"மேளம் போவட்டும், சாமி போவட்டும். வண்டிப் பாட்டு மட்டும் எங்கூட்டு வாசலாண்ட வாணான்டா. என்னால முடியாது. அத மட்டும் நீ பாத்துக்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கணவர் இறந்ததிலிருந்து அவளுக்காக நான் செய்ய முடிந்த முதல் காரியம் இதுதான் என்று நினைத்தபோது உண்மையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. எத்தனை அற்பமான சந்தோஷம் என்று இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமை மதியம் நண்பனின் அறையில் உட்கார்ந்து இருவரும் செட் போட்டோம். காவலோடு சேர்த்து வந்த புது வெர்ஷனை அன்றுதான் அவன் லேப்டாப்பில் ஏற்றினேன். தெருத் தெருவாகப் பாட்டுகளை அடுக்கினான். பெரிய தெருவின் நடுவில் சிவப்பு எழுத்தில் 'அக்கா வூடு, சவுண்ட் டவுன்' என்று எழுதினான். பாஸ் அழுத்திவிடேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவனோ ஃபேடரில் விரலை வைத்து எனக்கே பாடம் நடத்தினான்.

"டக்குனு நிறுத்துனா கரண்ட் போன மாரி இருக்கும்டா. மருவாதியா எறக்கணும். பம்ப் செட்டாண்டயே ஆரம்பிச்சி மெதுவா, மெதுவா, அக்கா வூடு வரும்போது ஒண்ணுமே இருக்கக் கூடாது. பாட்டு உள்ள ஓடிக்கினே இருக்கும், நாலு வூடு தாண்டுனதும் அப்பிடியே ஏத்துவேன்."

கோயிலிலிருந்து கோயில் வரை முழு ஊர்வலத்தையும் அறையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை கேட்டோம். ஒரு இடத்தில் தாளம் அரை அடி பிசகியது, திருத்தினேன். சிவப்பு எழுத்து வந்ததும் ஃபேடரை இறக்கிக் காட்டிவிட்டு உடனே அடுத்த பாட்டுக்குத் தாவினான். "சும்மா இருக்கறத இன்னாத்துக்கு டெஸ்ட் பண்ணணும்?" என்றான். நானும் சிரித்தேன். சோதிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான்.

வெள்ளிக்கிழமை நான் வண்டியில் ஏறவில்லை. அக்கா தனியாக இருக்கக் கூடாது என்று அவள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உரித்தேன். கோயில் பக்கமிருந்து சத்தம் மெல்ல வந்தது, ரேஷன் கடை முனைக்கு வந்தபோது ஜன்னல் கம்பி அதிர ஆரம்பித்தது. அக்காவின் கை வேகமாக உரித்தது. தோலோடு சில பருப்புகளும் கீழே விழுந்தன, அவள் பார்க்கவில்லை. நான், "இப்ப எறக்குவான் பாருக்கா" என்றேன்.

இறக்கினான். அவன் சொன்னபடியே, எவ்வளவு அழகாக இறக்கினான்! அத்தனை பெரிய இரைச்சல் ஒரு படி கீழே போய், இன்னொரு படி போய், ஒன்றுமே இல்லாமல் ஆனது. ஜெனரேட்டரின் உறுமலும், பின்னால் தூரத்தில் மேளமும், ஜனங்களின் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டன. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது.

அப்போது என்னை அறியாமலே மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. எங்கே அமைதி விழுந்தாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகிவிட்டது. ஐந்து என்று எண்ணும்போதுதான் உறைத்தது. அவன் பாஸ் அழுத்தவில்லை. ஃபேடரை இறக்கியிருக்கிறான். பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே சத்தம் இல்லை. இதே நிலைமையைத்தான் கோளாறு என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஆறு. முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தேன். ஏழு. நிலைப்படியில் கால் இடித்தது. அதற்கு மேல் எண்ண வேண்டியிருக்கவில்லை.

முதல் அடி விழுந்ததுமே எது என்று தெரிந்துவிட்டது. மாமாவின் பாட்டு. ஒவ்வொரு வருடமும் வண்டி தன் வாசலுக்கு வந்ததும் மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நிற்பார். அந்தக் குத்துப் பாட்டைப் போட்டால்தான் வழி விடுவார். முடிந்ததும் "இன்னொருக்கா" என்பார். அதற்குப் பிறகும் இன்னொருக்கா. மூன்று முறை, நான்கு முறை. எத்தனையோ வருடங்களாக அவர் கேட்டுக் கேட்டு, நண்பன் போட்டுப் போட்டு, ஒவ்வொன்றும் பதிவாகி, அவனுடைய ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அதிகமுறை திரும்பக் கேட்கப்பட்டது அதுவாகவே இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை நானோ அவனோ ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மென்பொருள் பார்த்திருந்தது.

வாசலில் கூட்டம். இளவட்டங்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்டதும் கால் நிற்கவில்லை, ஆட ஆரம்பித்துவிட்டார்கள். வண்டியின் மேல் நண்பன் வெளிறிப் போய் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தான். "அழுத்திப் புடிடா! வுடாம புடி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போய், வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து ஏறி, அவனை விலக்கி, பொத்தானில் விரலை வைத்தேன். அந்த மூன்று நொடி போவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். அதை மூன்று என்று வைத்தவனும் நான்தான், யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

திரும்பி வந்தபோது அக்கா உள்ளறைக் கதவைச் சாத்தியிருந்தாள். கூப்பிட்டேன். திறக்கவில்லை. மல்லாட்டை கூடம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. பொறுக்கி முறத்தில் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டம்மா வந்து, "நீ போய்ட்டு நாள கழிச்சி வா தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றாள். நண்பன் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் ஒண்ணுமே பண்லடா, நான் தொடவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையால் மெதுவாக இறக்கிய சத்தத்துக்கும் கை பட்டு விழுந்த சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும்படி எழுதினேன். பழைய பதிவுகளிலிருந்து பாட்டை எடுக்கும் பகுதியை முழுதாக நீக்கினேன். பட்டியலில் 'இங்கே அமைதி' என்று குறிக்க ஒரு கட்டம் வைத்தேன். இந்த முறை அமைதியையும் சோதித்தேன். எட்டு நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் கம்பெனிக்கு அனுப்பி, அவர்களும் பார்த்து ஏற்றுக்கொண்டு, நண்பனின் லேப்டாப்பிலும் மாற்றியாகிவிட்டது. 'நல்ல கண்டுபிடிப்பு' என்று மேலாளர் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், அழுவாள், இல்லை கதவையே திறக்க மாட்டாள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தயாராகிக்கொண்டே போனேன். அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடா. குந்து" என்றாள். இட்லிப் பாத்திரத்தைக் கொல்லைக்கே கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டு மறுபடி துணியை எடுத்தாள். நான் ஒரு துண்டு பிட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பாட்ட யாருடா போட்டது?"

"யாரும் போடலக்கா."

"ஒன் கூட்டாளி?"

"அவன் தொடவே இல்ல. மிஷினு அதுவாவே போட்டுச்சி. எம்மேலதாங்கா தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு நொடி, ஃபேடர், பழைய பதிவுகள், எதையும் மறைக்கவில்லை. தண்டனை வாங்கிக்கொள்ள வந்தவன் போல வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஈரத் துணி அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தினி பாட்டுல அது ஏன் அந்தப் பாட்ட எடுத்துச்சி?"

"மாமாதாங்கா வருசா வருசம் இன்னொருக்கா இன்னொருக்கான்னு கேட்டாரு. வேற யாரும் அத்தினி தபா எந்தப் பாட்டையும் கேக்கல. அத எண்ணி வச்சிக்கினு எடுத்துச்சி."

"அப்ப அவரு கேட்டதாலதான் வந்துச்சி."

"அப்பிடி இல்லக்கா, அது வந்து..."

"எப்பிடி இல்ல? நீதானடா இப்ப சொன்ன?"

அவள் சொன்னதில் எந்த இடத்தைத் தவறு என்பது? சனிக்கிழமை கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையில் நானே வேறு வார்த்தைகளில் அதைத்தான் எழுதியிருந்தேன்.

அக்கா துணியைக் கொடியில் போட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மொதல்ல காதப் பொத்திக்கினேன். அப்பறம் ஜன்னலத் தொறந்து பாத்தேன்டா. பசங்கல்லாம் ஆடுனானுங்க. அவரு எப்பவும் நிப்பாரே, அந்த எடத்த மட்டும் வுட்டுட்டு சுத்தி ஆடுனானுங்க. யாரு சொன்னா அவனுங்களுக்கு?" என்றாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாலும் முகத்தில் இருந்தது வெறும் அழுகை இல்லை. ஐந்து மாதத்தில் அவள் ஒரே மூச்சில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

பிறகு கேட்டாள். "அடுத்த வருசமும் வருமாடா?"

"நீ சொன்னா அவன்கிட்டச் சொல்லிப் போடச் சொல்றேங்கா. வாசல்லயே நிறுத்திப் போடச் சொல்றேன்" என்றேன்.

"நீ சொல்லி அவன் போட்டா அது பாட்டு. அது எனக்கு எதுக்கு?" என்றாள். "அதுவா வரணும்."

பழைய வெர்ஷன் என்னிடம் இருக்கத்தான் செய்தது. நண்பனின் லேப்டாப்பில் மறுபடி ஏற்றிவிட்டு, அக்கா வாசலில் இந்த வருடம் போலவே சத்தத்தை இறக்கச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் அடுத்த ஆடியில் எட்டாவது நொடியில் அது வரும். ஆனால் இனிமேல் அது எப்படித் தானாக வந்ததாகும்? வைத்தாலும் நான்தான், எடுத்தாலும் நான்தான். கையில் பிடித்த இட்லியோடு இதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என் முகம் எப்போதும் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும், அதுவும் அக்காவிடம்.

"மிஷின சரி பண்ணிட்டியா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"நீ எதையும் ஒழுங்காதான் பண்ணுவ" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு இட்லி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.